திட்டில் எடுத்த மண்

கல்லூரிப் பேருந்து உப்பளங்களைத் தாண்டி, கண்டல்திட்டு இயற்கைக் காப்பகத்தின் கம்பிக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது வெயில் இன்னும் உறைக்கத் தொடங்கவில்லை. சங்கரன்கோவிலில் இருட்டோடு கிளம்பிய கூட்டம். கோவில்பட்டி வரை பாட்டும் கூத்துமாக வந்த பிள்ளைகள், தூத்துக்குடியைத் தாண்டி வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரிய ஆரம்பித்ததும் சன்னலோடு ஒட்டிக்கொண்டார்கள். பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. மானாவாரியாக உளுந்தும் பருத்தியும் போடுகிற ஊர்ப் பிள்ளைகள். அவர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒன்று கண்மாயில் கிடக்கும், இல்லையென்றால் லாரியில் வரும். தானாக வந்து தானாகப் போகிற தண்ணீரை அவர்கள் அறிந்ததில்லை.

சண்முகசுந்தரி முதல் ஆளாக இறங்கினாள். விலங்கியல் பேராசிரியை. கண்டிப்பானவள் என்று பெயர் எடுத்தவள், அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எந்தக் கேள்விக்கும் தெரியாது என்ற பதில் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லிச் சமாளிக்கும் பழக்கம் வாத்தியார் வேலையில் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிடும். அவளுக்கும் ஒட்டியிருந்தது.

இறங்கியதும் அவள் கண் ஆறுமுகத்தாயைத் தேடியது. பச்சைத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் ஹஸ்னா பானுவின் கையைப் பிடித்தபடி அந்தப் பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒருத்தி இளையரசனேந்தல், இன்னொருத்தி கடையநல்லூர். வகுப்பில் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ்.

ஆறுமுகத்தாயின் அப்பா சங்கரசுப்பு ஆடு மேய்க்கிறவர். பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பியதே பெரிய காரியம், கடற்கரைக்கெல்லாம் அனுப்ப முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். சுந்தரி அவர் வீட்டுக்கே போய்ப் பேசினாள். "என் பிள்ளை மாதிரி கூட்டிட்டுப் போறேன். நானே உங்க கையில கொண்டாந்து விடுதேன்" என்றாள். சங்கரசுப்பு தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"டீச்சரம்மா சொல்லுதீங்க, அதுக்காக விடுதேன். பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் காலேஜு வாசல்ல வந்து நிக்க மாட்டேன். உங்க வீட்டு வாசல்லதான் நிப்பேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அந்தப் பேச்சு சுந்தரியின் மனசில் முள்ளாகத் தைத்து நின்றது. இந்தப் பெண்ணை முழுசாகக் கொண்டுபோய் ஒப்படைக்கிற வரைக்கும் தனக்குத் தண்ணீர்கூட ஒழுங்காக இறங்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

காப்பகத்தில் வழிகாட்ட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். தொம்மை என்று பெயர். கடற்கரைக்காரர், ஒட்டி உலர்ந்த உடம்பு, வெற்றிலைக் கறை பிடித்த பல். வாங்க என்றுகூட அவர் சொல்லவில்லை. வந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஓரமாகத் துப்பினார்.

"எந்த ஊரு?"

"சங்கரன்கோவில்" என்றாள் சுந்தரி.

தொம்மையின் முகம் மாறியது. முதல்முறையாகச் சிரித்தார்.

"கோமதியம்மன் ஊரா? புத்துமண்ணு குடுப்பாங்களே, அந்த ஊரா?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு. செருப்பக் கழத்திப் போட்டுட்டு வாங்க. சேறு இழுத்துக்கிடும்."

டிரைவர் செல்வக்குமார் பேருந்தை வேப்பமர நிழலில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டான். பிள்ளைகள் வெறுங்காலோடு வரிசையாகக் கிளம்பினார்கள். கரையிலிருந்து திட்டு வரைக்கும் சேற்றுவெளி. தண்ணீர் வற்றிக் கிடந்த நேரம். காலை வைத்தால் கணுக்கால் வரை குளுகுளுவென்று இறங்கியது. பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாக ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அபிஷேக் என்ற பையன், வகுப்புக்கே கோமாளி, வேண்டுமென்றே இரண்டு தடவை விழுந்து எழுந்தான்.

சேற்றுவெளி முடிந்ததும் அலையாத்திக் காடு ஆரம்பித்தது. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று மங்கியது. மேலே இலைகள் பின்னிக்கிடந்தன. கீழே சேற்றைக் குத்திக்கொண்டு ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் நின்றன. அழுகிய முட்டை வாடை. எங்கேயோ சேற்றுக்குள்ளிருந்து சொடக்குப் போடுகிற மாதிரி டக், டக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அது சின்ன இறால்கள் போடுகிற சத்தம் என்று சுந்தரி விளக்கினாள். அது உண்மையும்கூட.

"ஏன் மேடம், ஒரு பறவையக்கூடக் காணோம்?" என்று கேட்டாள் ஹஸ்னா.

சுந்தரியும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். நண்டு இல்லை. சேற்றில் தவ்வுகிற மீன் இல்லை. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எண்ணி வந்த ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"வெயில் ஏறிட்டுல்லா. எல்லாம் அடங்கியிருக்கும்" என்று சொல்லிவைத்தாள்.

தொம்மை கையில் இருந்த கம்பால் சேற்றைக் குத்திக் குத்தி முன்னால் போய்க்கொண்டிருந்தார். வேர்களுக்கு நடுவில் அவர் பிடித்த வழி வளைந்து வளைந்து போனது. சொடக்குச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு இடத்தில் முழுசாக நின்றுவிட்டது.

அங்கே மரங்கள் விலகி ஒரு வெட்டவெளி இருந்தது. நடுவில் ஒரு மண்மேடு.

நெஞ்சு உயரம் இருக்கும். கீழே அகலமாகப் பரந்து, மேலே கூம்பிப் போயிருந்தது. சாம்பல் நிற மண். அதைச் சுற்றி ஒரு மூச்சுவேர்கூட முளைக்கவில்லை. வெயில் நேராக அதன்மேல்தான் விழுந்தது. ஆனாலும் உச்சி மட்டும் ஈரமாக, யாரோ இப்போதுதான் கையால் வழித்து வைத்தது போல இருந்தது.

"புத்து!" என்றான் அபிஷேக். "மேடம், கடலுக்குள்ள புத்து!"

"புத்து இல்ல மக்கா. சேத்துக்குள்ள இருக்கற ஒரு வகை இறால் உள்ளேயிருந்து மண்ணத் தள்ளித் தள்ளி மேடாக்கும்" என்றாள் சுந்தரி. இந்தக் கரையில் அப்படி ஓர் இறால் இருப்பதாக அவள் எங்கும் படித்ததில்லை. அந்த இறால் இத்தனை உயரத்துக்கு மேடு எழுப்புமா என்பதும் தெரியாது. ஆனால் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் வேறு என்ன சொல்ல முடியும்?

சொல்லிக்கொண்டே மேட்டின் பக்கத்தில் போனாள். சொல்லிக்கொண்டே குனிந்தாள். இரண்டு விரலால் ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளினாள். நெற்றியில் ஒரு கீற்று இழுத்தாள். மிச்சத்தை நாக்கில் வைத்தாள்.

வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய விஷயம். காய்ச்சலா, புற்றுமண். தேமலா, புற்றுமண். பரீட்சையா, புற்றுமண். கோயிலுக்குப் போனால் கை தானாக மண்ணுக்குப் போகும், அங்கிருந்து நெற்றிக்குப் போகும், அங்கிருந்து வாய்க்கு. நடுவில் யோசனைக்கு இடமே கிடையாது. மேடம் செய்ததைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கும் யோசனை இல்லாமல் போயிற்று. அபிஷேக் கிள்ளினான். ஆறுமுகத்தாய் செருப்பில்லாத காலை ஒருமுறை துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் கிள்ளினாள். பின்னால் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு மேட்டைச் சூழ்ந்தார்கள். ஹஸ்னா மட்டும் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தாள்.

"மேடம்" என்றான் அபிஷேக், நாக்கைச் சப்புக்கொட்டியபடி. "உப்பே இல்ல மேடம். இனிக்கி."

இனிக்கத்தான் செய்தது. சுந்தரியின் நாக்கிலும் அந்த இனிப்பு இருந்தது. பாகு கொஞ்சம் காந்திப்போன மாதிரி ஒரு இனிப்பு. கடல்சேற்றில் அது வர வழியே இல்லை.

"போதும், கிளம்புங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது. "அண்ணாச்சி, திரும்பலாம்."

தொம்மை அங்கே இல்லை.

கம்பு குத்திய குழிகள் மட்டும் வந்த வழியே திரும்பிப் போயிருந்தன. கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. சுந்தரி அந்தக் குழிகளையே அடையாளம் வைத்துப் பிள்ளைகளை நடத்தினாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சொடக்குச் சத்தமும் திரும்ப வரவில்லை. அவர்கள் காலைத் தூக்கி வைக்கிற சளக், சளக் என்ற ஓசை மட்டும்தான்.

அப்புறம் அந்த ஓசைக்குப் பின்னால் இன்னொரு ஓசை இருப்பது சுந்தரிக்குக் கேட்டது.

அவர்கள் நின்றால் அது ஒரு அடி வைத்துவிட்டு நிற்கும்.

காடு முடிந்து சேற்றுவெளிக்கு வந்தபோது கரை தெரிந்தது, வேப்பமரம் தெரிந்தது, பேருந்தின் மஞ்சள் நிறம் தெரிந்தது. சுந்தரிக்கு உயிர் வந்தது. ஆனால் சேறு முன்பு இருந்த மாதிரி இல்லை. மேலே கண்ணாடித் தாள் போலத் தண்ணீர் பரவ ஆரம்பித்திருந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது.

"வேகமா நடங்க. ஒருத்தர் கைய ஒருத்தர் விடாதீங்க."

ஹஸ்னாதான் முதலில் பார்த்தாள். அவள் சுந்தரியின் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் காட்டினாள்.

பிள்ளைகள் நடந்து வந்த தடங்கள் சேற்றில் பள்ளம் பள்ளமாகக் கிடந்தன. கிட்டத்தட்ட ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில் இன்னொரு தடம் இருந்தது. அது பள்ளமாக இல்லை. மேடாக இருந்தது. குதிகால், பாதத்தின் வளைவு, ஐந்து விரல் எல்லாம் அச்சு மாறாமல் சேற்றிலிருந்து புடைத்துக்கொண்டு நின்றன.

சேற்றுக்கு அடியில் தலைகீழாக யாரோ நடந்து வருகிற மாதிரி.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதிதாக ஒன்று புடைத்தது. அபிஷேக்கின் காலுக்குப் பின்னால். அப்புறம் இன்னொன்று. ஆறுமுகத்தாயின் காலுக்குப் பின்னால்.

சுந்தரி தன் காலைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னாலும் இருந்தது.

"ஓடுங்க!"

ஓட முடிகிற சேறா அது? விழுந்தார்கள், எழுந்தார்கள், அலறினார்கள். முழங்கால் வரை வாங்கியது. கரை கூப்பிடு தூரத்துக்கு வந்தபோது ஆறுமுகத்தாய் நின்றுவிட்டாள். நின்றவள் ஒரு கத்தல்கூடப் போடவில்லை. தொடை வரைக்கும் மெதுவாக இறங்கினாள்.

"ஏட்டி, காலத் தூக்கு! கையக் குடு!" என்று சுந்தரி பாய்ந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

ஆறுமுகத்தாயின் உதடு வெளுத்துப்போயிருந்தது. கிசுகிசுவென்றுதான் பேச்சு வந்தது.

"மேடம், கீழ ஆள் இருக்கு."

"பேசாத. காலத் தூக்கு."

"என் உள்ளங்காலுக்கு நேர இன்னொரு உள்ளங்கால் இருக்கு மேடம். என் காலோட கால் வச்சு நிக்கி. கீழ இழுக்கல மேடம். அது எனக்குள்ள ஏறப் பாக்கி."

சுந்தரி அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அபிஷேக் வந்து இழுத்தான். அசையவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. அப்போதுதான் கரையில் தொம்மை நிற்பதைப் பார்த்தாள். கம்பை ஊன்றிக்கொண்டு, சந்தையில் மாடு பார்க்கிறவர் போல நிதானமாக நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! கயிறு இருந்தாப் போடுங்க! பிள்ளை முங்குது!"

தொம்மை நகரவில்லை.

"அத விட்டுட்டு மத்த பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு ஒண்ணு போதும்."

"மனுசனாய்யா நீ!"

"மத்த காலேஜுக்காரங்க வந்தா மூக்கப் பொத்திக்கிட்டு நிப்பாங்க, தொட மாட்டாங்க" என்றார் தொம்மை. "உங்க ஊருக்காரங்கதான் வாயில போடுவீங்க. நீங்க போடலன்னா அது எங்க பிள்ளைகளல்லா கேக்கும்."

சுந்தரிக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல வெறி வந்தது. ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை மூளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வாயில போடுவீங்க. அவள் சட்டென்று ஹஸ்னாவைத் திரும்பிப் பார்த்தாள். ஹஸ்னா கரையை நெருங்கியிருந்தாள். அவள் நடந்த வழியில் பள்ளங்கள் மட்டும்தான் தெரிந்தன. பக்கத்தில் ஒரு மேடுகூட எழும்பவில்லை.

மண்ணைத் தின்னாதவள் அவள் ஒருத்திதான்.

பருத்திக்காட்டு ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். பூச்சிமருந்தைக் குடித்துவிட்டுக் கிடக்கிற ஆளைப் பார்த்தால் முதலில் என்ன செய்வார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே கண்ணால் கண்டிருப்பார்கள். அது சரியா தப்பா என்று டாக்டர்கள் அப்புறம் திட்டட்டும். சுந்தரி இரண்டு விரலைத் தன் தொண்டைக்குள் விட்டாள். குடல் புரண்டது. சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ தண்ணீரில் விழுந்தது. அவள் தின்றது ஒரு சிட்டிகை. விழுந்தது ஒரு கை அள்ளுகிற அளவு.

அவள் கால் லேசானது.

"எல்லாரும் விரல விட்டு வாந்தி எடுங்கடா! தின்ன மண்ணக் கக்குங்க!" என்று கத்திக்கொண்டே ஆறுமுகத்தாயின் தாடையைப் பிடித்துத் திறந்து விரலைத் திணித்தாள். பெண் கடித்தாள். ரத்தம் வந்தது. சுந்தரி விரலை எடுக்கவில்லை. இன்னும் உள்ளே விட்டாள். ஆறுமுகத்தாயின் உடம்பு ஒருமுறை வில்லாக வளைந்தது. சாம்பல் சேறு குபுக்கென்று கொட்டியது, நிற்காமல் கொட்டியது. சேறு ஒரு பெருமூச்சு விட்டு அவள் காலை விட்டது.

அள்ளித் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து விழுந்தார்கள். பிள்ளைகள் எல்லோரும் மண்டியிட்டுக் கக்கிக்கொண்டிருந்தார்கள். சேற்றுவெளியில் மேடு மேடாக நின்ற தடங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்தன.

சுந்தரி எழுந்து தொம்மையைத் தேடினாள். அவர் உப்பளத்து வரப்பில் வெகுதூரம் போய்விட்டார். ஓட்டமும் நடையுமாக, ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பேருந்து கிளம்பியது. செல்வக்குமார், பிள்ளைகளுக்குச் சாப்பாடு சேரவில்லையோ என்று எண்ணி எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தான். ஆறுமுகத்தாய் ஹஸ்னாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் மூச்சு சீராக இருந்தது. காலில் ஒரு கீறல்கூட இல்லை. சுந்தரி அடிக்கொருதரம் எழுந்துபோய் அந்தக் காலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிள்ளையைக் காப்பாற்றியாகிவிட்டது. ஆனால் இந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்தால்? சேற்றில் ஆள் முங்கப் பார்த்தது, மேடம்தான் முதலில் மண்ணைத் தின்றார்கள் என்று நாளைக்கு ஊரெல்லாம் பேச்சாகும். சங்கரசுப்பு வாசலில் வந்து நிற்பார். ஆறுமுகத்தாயின் படிப்பு அதோடு முடியும். தன் வேலையும் போகும். சுந்தரி எழுந்து நின்று கைதட்டினாள். ஆறுமுகத்தாயும் கண் விழித்தாள். வகுப்பில் பேசுகிற அதே குரல் தானாக வந்தது.

"எல்லாரும் கேளுங்க. அது உளைச்சேறு. ஆள் மெதிச்சா இறுகும், அடியில காத்து அடைச்சு மேல புடைக்கும். நாம பயந்துட்டோம், அவ்வளவுதான். அது வெறும் மண்ணு. கடல்மண்ணு வயித்துக்கு ஆகாது, அதான் கக்கச் சொன்னேன். வீட்டுல போய் ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லி வைக்காதீங்க. அப்புறம் அடுத்த வருசம் பொம்பளப் பிள்ளைகள ஒருத்தரும் எங்கயும் அனுப்ப மாட்டாங்க."

"மேடம், நானும் பாத்தேனே" என்றாள் ஹஸ்னா. "விரல்லாம் தெரிஞ்சிச்சே. அந்த ஆள் சொன்னதும் கேட்டிச்சே."

"அந்த ஆளு குடிகாரன். வெயில்ல உனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

ஹஸ்னா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் முகத்தில் மெல்ல மெல்லத் தெளிவு வந்தது. மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அபிஷேக், தான் சேற்றில் விழுந்ததை நடித்துக்காட்டினான். யாரோ சிரித்தார்கள். கோவில்பட்டியில் சிலர் கையசைத்துவிட்டு இறங்கிப்போனார்கள்.

இளையரசனேந்தலில் பேருந்து நிற்கும்போது விளக்கு வைக்கிற நேரம். சங்கரசுப்பு சாலையோரத்திலேயே காத்திருந்தார். மகளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம்தான் அவர் முகம் இளகியது.

"வீடு வரைக்கும் வந்துட்டுப் போங்க டீச்சரம்மா. வீட்டுக்காரி முடியாமக் கெடக்கா, உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா."

பேருந்தை நிற்கச் சொல்லிவிட்டு சுந்தரி கூடவே நடந்தாள். நாலு எட்டில் வீடு. பட்டியில் ஆடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. கரிசல் முற்றம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சங்கரசுப்பு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"சொன்ன மாதிரி கையில கொண்டாந்து விட்டுட்டீங்க. நான்தான் அன்னைக்கு ஒரு மாதிரி பேசிப்போட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

காலையிலிருந்து இறங்காத தண்ணீர் அப்போதுதான் சுந்தரியின் தொண்டையில் இறங்கியது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. செம்பைக் கீழே வைத்தாள்.

உள்ளேயிருந்து ஆறுமுகத்தாயின் குரல் கேட்டது.

"அம்மா, ஆ காட்டு."

சுந்தரி திறந்த கதவு வழியாகப் பார்த்தாள். கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் சாய்ந்திருந்தாள். ஆறுமுகத்தாய் பச்சைத் துப்பட்டாவின் முனையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து மடியில் விரித்து வைத்திருந்தாள். அதில் சாம்பல் நிற மண். அம்மாவின் நெற்றியில் ஏற்கெனவே கீற்று இழுத்தாகிவிட்டது.

புற்றுமண் எடுக்கிற யாரும் தனக்கு மட்டும் எடுப்பதில்லை. வீட்டுக்கும் ஒரு முடிச்சு போடாமல் அந்த ஊரில் ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை.

"குடுக்காத! ஏட்டி, குடுக்காத!"

சுந்தரி உள்ளே போய்ச் சேர்வதற்குள் அம்மா வாயை மூடியிருந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"இனிப்பா இருக்கு தாயி."

"துப்புங்க! துப்புங்கம்மா!" சுந்தரி அந்தப் பெண்ணின் தாடையைப் பிடித்தாள். விரலை வாய்க்குள் விட்டாள். நோயாளி திமிறினாள், மூச்சுத் திணறினாள். சங்கரசுப்பு பாய்ந்து வந்து சுந்தரியின் கையைப் பிடித்து முறுக்கினார்.

"என்ன பண்ணுதீங்க? உயிரு ஊசலாடிக்கிட்டுக் கெடக்கறவ வாயில கைய விடுதீங்களே!"

"அந்த மண்ணு ஆகாது! அத வெளிய எடுக்கணும்! ஆறுமுகத்தாய், நீயே சொல்லு, அங்கன என்ன நடந்துச்சுன்னு சொல்லு!"

ஆறுமுகத்தாய் சுவரோடு ஒட்டி நின்று அழுதாள்.

"ஒண்ணும் நடக்கலப்பா. பயந்துட்டோம், அவ்வளவுதான். நீங்கதான மேடம் சொன்னீங்க, அது வெறும் மண்ணுன்னு."

சங்கரசுப்பு சுந்தரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. அவள் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"போயிருங்க டீச்சர். மரியாதை கெட்டுப்போகும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சாலையில் செல்வக்குமார் ஹாரன் அடித்தான். பேருந்தில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு துப்பட்டாவின் முனையிலும், ஒவ்வொரு சட்டைப்பையிலும் ஒரு முடிச்சு இருக்கும். கோவில்பட்டியில் இறங்கியவர்கள் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். சுந்தரி போனை எடுத்து அவர்களில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

பட்டியில் ஆடுகள் அசை போடுவதை நிறுத்தின.

அழுகிய முட்டை வாடை.

காய்ந்த கரிசலில் ஒரு பாளம் நொறுங்குகிற சத்தம், அவள் காலுக்குப் பக்கத்தில். குனிந்து பார்த்தாள். கல்லாக இறுகிக் கிடந்த மண் மெல்லப் புடைத்துக்கொண்டிருந்தது. முதலில் குதிகால். அப்புறம் வளைவு. அப்புறம் ஒவ்வொன்றாக ஐந்து விரல். வெடிப்பில் தண்ணீர் கசிந்தது.

அது அவளைத் தாண்டி இன்னொரு அடி வைத்தது.

இன்னொன்று.

"கதவத் தொறங்க" என்றாள் சுந்தரி.

கடைசித் தடம் வாசலில் புடைத்தது. குதிகால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. விரல்கள் சாத்திய கதவுக்கு உள்ளே இருந்தன.